துண்டு உலோகம்: விற்பதா, வைப்பதா, ஒட்டுவதா, உருக்குவதா?

உலோகத்தைச் சுழற்றிக் கடைகிற எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் ஹேக்ஸா எந்திரத்தின் காலடியில் ஒரு பெட்டி இருக்கும். மூன்று நான்கு அங்குல ராடுத் துண்டுகள், பாதி கடைந்து விட்டுவிட்ட புஷ்கள், உடைந்த டிரில்கள், யாரோ கழற்றிப் போட்ட பேரிங் வளையங்கள் எல்லாம் அதில் கிடக்கும். முதலாளி அதைத் தூக்கிப்போட விடமாட்டார். வேலை செய்பவர்களோ அதில் கைவிட்டுத் தேடமாட்டார்கள். புதுக் கம்பியில் அறுப்பதுதான் அவர்களுக்குச் சுலபம். வருடக் கணக்கில் கிடந்து துருவேறி, பொங்கலுக்கு முன் பட்டறையைக் கழுவும்போது மொத்தமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். சேர்த்து வைத்ததில் கிடைத்த பலன், அத்தனை நாளும் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்ததுதான்.

மறுபக்கம், ஒரு சிறு துண்டைக் காப்பாற்ற அரை மணி நேரம் செலவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு குட்டைத் துண்டுகளை வெல்டிங் வைத்து ஒன்றாக்குவார்கள். கடையும்போது விழுகிற அலுமினியத் துருவலை வாணலியில் போட்டு உருக்கப் பார்ப்பார்கள். லேத்தின் பிடிப்பானான சக்கில் பிடிக்கவே முடியாத சில்லைப் பசை போட்டு ஒட்டிக் கடைவார்கள். வேலையாகப் பார்த்தால் வியக்கத்தான் தோன்றும். பணமாகப் பார்த்தால் சில சமயம் சரி, பல சமயம் வீண். எது எப்போது என்பதற்கு எடையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

நஷ்டம் உண்மையில் எவ்வளவு?

பொதுவாக எல்லோரும் போடும் கணக்கு, "கிலோ இவ்வளவு கொடுத்து வாங்கினேன், இந்தத் துண்டு கால் கிலோ, ஆகவே இவ்வளவு ரூபாய் வீண்" என்பது. அது தவறு. துண்டைக் குப்பையில் எறிந்தால்தான் முழு விலையும் போகும். பழைய இரும்புக் கடையில் போட்டால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே போகிறது. காப்பாற்றுவதற்குச் செலவிடும் நேரம் அந்த வித்தியாசத்தைவிட மலிவாக இருக்க வேண்டும்.

ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் 50 மி.மீ., நீளம் 15 மி.மீ. லேத் சக்கின் வாயில் பிடிமானத்துக்கென்று விடுகிற கடைசிப் பகுதி ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். கன அளவு 29 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எம்.எஸ். எனப்படும் சாதாரண மென்மையான எஃகு என்றால் 231 கிராம், செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கன்மெட்டல் என்றால் சுமார் 255 கிராம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இங்கே தருவது கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எம்.எஸ். வாங்குவது கிலோ 65 ரூபாய், விற்பது 30 ரூபாய் என்று வைத்தால் இந்தத் துண்டில் போவது 8 ரூபாய். கன்மெட்டல் வாங்குவது 900, விற்பது 600 என்றால் 77 ரூபாய். எந்திர நேரத்துக்கு மணிக்கு 300 ரூபாய் கூலி போட்டால் நிமிடத்துக்கு 5 ரூபாய். எம்.எஸ். துண்டுக்காக ஒன்றரை நிமிடத்துக்கு மேல் செலவிட்டாலே கைநஷ்டம். கன்மெட்டலுக்குக் கால் மணி நேரம் வரை தாங்கும்.

இதே துண்டு டி2 எஃகாக இருந்தால் என்ன ஆகும்? அச்சு, பஞ்ச் செய்கிற, 12 சதவீதம் குரோமியம் உள்ள எஃகு அது. வாங்குவது 400 என்று வையுங்கள். விற்கும்போது பெட்டியில் மற்ற இரும்போடு கலந்து போனால் கடைக்காரர் தருவது அதே 30 ரூபாய்தான். வித்தியாசம் 370. இந்தச் சில்லில் போவது 84 ரூபாய், அதாவது கன்மெட்டலைவிட அதிகம். பித்தளைத் துண்டு கீழே விழுந்தால் குனிந்து பொறுக்கி எடுத்து அலமாரியில் பூட்டுகிறோம். பக்கத்தில் கிடக்கும் டி2 துண்டை, கறுப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, காலால் பெட்டிக்குள் தள்ளுகிறோம். பித்தளை, கன்மெட்டல் போன்றவற்றுக்குக் கடைக்காரர் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறார், ஏனென்றால் அவை என்ன என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிகிறது. இஎன் 24, இஎன் 31 என்று எண்ணால் அழைக்கப்படும் சிறப்பு எஃகுகள், டி2, டிரில் செய்கிற ஹைஸ்பீடு எஃகு ஆகியவை அவர் தராசில் வெறும் இரும்பு.

தங்க வேலை செய்கிறவர்களின் கதை வேறு. நகைப் பட்டறையில் தரையைப் பெருக்கிய குப்பையை எறிவதில்லை, கை கழுவிய தண்ணீரைக்கூடத் தெளிய விட்டு வண்டலை எடுப்பார்கள். நகைப் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பொன் எடுத்துப் பிழைப்பவர்களும் உண்டு. அதைப் பார்த்து "அவர்களைப் போல நாமும் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்று லேத்காரர்கள் சொல்வதுண்டு. அங்கே சாக்கடைக்குப் போகிற பொடியின் முழு விலையும் போகிறது. இங்கே போவது வித்தியாசம் மட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

விற்பதானால், பிரித்து

விற்பது என்று முடிவெடுத்துவிட்டால் கவனம் முழுவதும் பிரிப்பதில்தான் இருக்க வேண்டும். துண்டைவிடத் துருவலில் இது முக்கியம். எம்.எஸ். கடைந்துகொண்டிருந்த லேத்தில் அடுத்து பித்தளை வேலை வருகிறது. தட்டைப் பெருக்காமல் அப்படியே ஓட்டினால் பித்தளைத் துருவலில் இரும்புச் சுருள் கலந்துவிடும். கடைக்காரர் காந்தத்தை உள்ளே விட்டுக் கலக்குவார். நான்கு சுருள் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், மொத்த மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். தட்டைப் பெருக்கித் துணியால் துடைக்கப் பத்து நிமிடம் ஆகலாம். பட்டறையில் செய்யக்கூடிய சிக்கனங்களில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இணையான வருமானம் தருவது வேறில்லை என்பது என் கணிப்பு. ஆனால் இது யாருக்கும் வீரதீரமாகத் தெரிவதில்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

காந்தத்தை நம்பியே பிரிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 304 ஸ்டெயின்லெஸ் ராடில் காந்தம் ஒட்டாது. அதே ராடைக் கடைந்து விழுந்த சுருளில் ஒட்டும். வெட்டும்போது உலோகம் நசுங்கி அதன் உள்ளமைப்பு மாறிவிடுவதே காரணம். இது தெரியாமல் "இது இரும்பு, ஸ்டெயின்லெஸ் இல்லை" என்று ஒதுக்கி இரும்பு விலைக்கு எடுக்கப் பார்ப்பார்கள். ராடின் துண்டு ஒன்றையும் மூட்டையோடு கொண்டுபோய்க் காட்டினால் வாக்குவாதம் குறையும். குளிரூட்டும் எண்ணெய் சொட்டச் சொட்டக் கொண்டுபோனாலும் எடையில் பிடித்தம் உண்டு. ஒரு ராத்திரி சல்லடைத் தட்டில் சாய்த்து வைத்தால் எண்ணெய் மீண்டும் பட்டறைக்கே வந்துவிடும்.

வைப்பதானால், பெயரோடு

வைத்துக்கொள்வதன் உண்மையான லாபம் எடையில் இல்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு விவசாயி மோட்டார் பம்ப்பின் உடைந்த பின்னோடு வந்து நிற்கிறார். எஃகுக் கடை மூடியிருக்கிறது. 20 மி.மீ. இஎன் 8 துண்டு கையில் இருந்தால் வேலை முடிகிறது, இல்லையென்றால் திங்கட்கிழமைதான். அந்தத் துண்டின் விலை அப்போது கிலோக் கணக்கில் வராது. எஃகுக் கடைகளிலும் சிறப்பு எஃகுகளை இரண்டு அங்குலம் என்று அறுத்துக் கொடுக்கத் தயங்குவார்கள். கொடுத்தாலும் அறுப்புக் கூலி விலையைத் தாண்டும்.

ஆனால் அது இஎன் 8 என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பெட்டிகள் தோற்றுப்போகின்றன. எஃகுக் கடையிலிருந்து வரும் ராடின் ஒரு முனையில் வர்ணம் பூசியிருப்பார்கள். அறுக்கிறவர் எந்த முனை கையருகே இருக்கிறதோ அதிலிருந்து அறுப்பார். வர்ணம் உள்ள முனை முதல் துண்டோடு போய்விட்டால் மிச்சமெல்லாம் பெயரில்லாத இரும்பு. வர்ணம் இல்லாத முனையிலிருந்து அறுங்கள் என்று சொல்வதோடு நிறுத்தாமல், ரம்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெயின்ட் மார்க்கரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ரம்பம் இறங்கி முடித்ததும், துண்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, சூடு ஆறும் முன் "24" என்றோ "31" என்றோ எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று வைத்தால் அது எழுதப்படாது. முக்கியமான எஃகானால் எண் பஞ்ச்சில் ஒரு தட்டு தட்டிவிடுவது இன்னும் நல்லது, வர்ணம் உரிந்தாலும் எண் நிற்கும்.

பெயர் தெரியாமல் கிடப்பவற்றைக் கிரைண்டர் கல்லில் பிடித்துத் தீப்பொறி பார்த்து ஓரளவு பிரிக்கலாம். எம்.எஸ். நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் பிளவுபடாமல் பாயும். இஎன் 31 போலக் கரி அதிகமான எஃகு பூப்பூவாக வெடிக்கும். ஹைஸ்பீடு எஃகு மங்கிய சிவப்பில், சொற்பமாக, குட்டையாக வரும். இந்த அளவுக்குத்தான் நம்பலாம். இஎன் 8-க்கும் இஎன் 24-க்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியில் கண்டுபிடிக்கிறேன் என்பவர் கையில் என் ஷாஃப்டை நான் கொடுக்கமாட்டேன். பெயர் தெரியாத துண்டு ஸ்பேசராகலாம், பேக்கிங்காகலாம், ஜிக்கில் ஒரு கட்டையாகலாம். சுமை தாங்கிச் சுற்றுகிற எதுவும் ஆகக் கூடாது.

எவ்வளவு நீளம் வரை வைப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பிடிமானத்துக்கு 15 மி.மீ., வெட்டி எடுக்கும் பார்ட்டிங் டூலுக்கு 3 மி.மீ., அதற்குமேல் உங்கள் பட்டறையில் வருகிற மிகச் சிறிய வேலையின் நீளம். இந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே போகும் எம்.எஸ். துண்டை யோசிக்காமல் விற்றுவிடுங்கள். பெயர் எழுதிய சிறப்பு எஃகானால் 10 மி.மீ. சில்லுகூட வைத்திருக்கத் தகும். டி2 சில்லில் வாஷர் பஞ்ச் வரும், இஎன் 31 துண்டில் ரோலர் வரும். விட்டவாரியாக ஒரு பிளாஸ்டிக் குழாய் அடுக்கில் செருகி வைத்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

வீட்டில் சிறிய லேத் வைத்துப் பொழுதுபோக்காகச் செய்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர் நேரத்துக்குக் கூலி இல்லை. அவருக்குத் தேவையான எஃகு கடையில் சில்லறையாகக் கிடைப்பதுமில்லை. அவர் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பட்டறைக்காரர்கள் இத்தகையவர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், பழைய இரும்புக் கடைக்காரர் தருவதைவிட இருமடங்கு விலையில் துண்டுகளைக் கொடுத்தால் இரு தரப்புக்கும் லாபம்.

ஒட்டுவது

இரண்டு எம்.எஸ். துண்டுகளை வெல்டிங் செய்து நீளமாக்குவது மிகவும் பிரபலமான சிக்கனம், மிகவும் வீணான சிக்கனமும்கூட. இரு முனையிலும் சாய்வு தேய்க்க வேண்டும், நேராக வைத்துப் பற்றவைக்க வேண்டும், மேலே படிந்த கசடை நீக்க வேண்டும், ஆறியபின் கடைந்து மட்டமாக்க வேண்டும். 8 ரூபாய்க்கு இது எங்கே கட்டுப்படியாகும்? அதோடு வெல்டிங் பகுதியில் டூல் ஒரு சீராக ஓடாது; மரை வெட்டும்போது அந்த இடம் வந்ததும் ஓசையே மாறும். ஒரு சதவீதம் கரி உள்ள இஎன் 31-ஐ முன்சூடு இல்லாமல் பற்றவைத்தால் பக்கத்திலேயே கீறல் விடும். சுழல் தண்டுக்கு இந்த வேலையே கூடாது.

ஒட்டுவதற்கு நியாயம் இருக்கிற இடம் வேறு. விலையுயர்ந்த உலோகம் நுனியில் மட்டும் தேவைப்பட்டு, பிடிக்கும் பகுதி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்னும் இடம் அது. தொழிற்சாலைகளே இதைச் செய்கின்றன: பெரிய ஹைஸ்பீடு டிரில்களில் வெட்டும் பகுதி மட்டுமே அந்த எஃகு, வால்பகுதி சாதாரண எஃகு; இரண்டையும் உராய்வு வெல்டிங்கில் சேர்த்திருப்பார்கள். ஆகவே உடைந்த பெரிய டிரில்லின் வாலை டூல் பிட் செய்யலாம் என்று பத்திரப்படுத்துவது வீண். அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், கடித்தால் அது வெறும் வால். மாறாக, சிறிய ஹைஸ்பீடு துண்டு ஒன்று இருந்தால் எம்.எஸ். ராடில் குறுக்கே துளையிட்டுச் செருகி ஒரு குருப் ஸ்குரூவால் (தலையில்லாத திருகு) இறுக்கினால், துளையின் உட்புறத்தைக் கடைய நல்ல போரிங் பார் தயார். பற்றவைப்பே வேண்டியதில்லை.

கன்மெட்டலின் கடைசி 15 மி.மீ. சில்லுக்கு எத்தனையோ உபாயங்கள் உண்டு. பின்பக்கம் ஓர் எம்.எஸ். கட்டையை ஈயப்பற்று வைத்து ஒட்டி, கட்டையைச் சக்கில் பிடித்துக் கடையலாம். சாதாரண ஈயப்பற்று 190 டிகிரிக்குள் இளகிவிடும், ஆகவே மெல்ல மெல்லத்தான் வெட்ட முடியும். சூடாக்கி, ஒட்டி, ஆறவைத்துச் செய்ய இருபது நிமிடம் ஆகும். 77 ரூபாய்க்கு அது போதவில்லை. பசை இதைவிடப் பரவாயில்லை. இரு முகத்தையும் தட்டையாக்கி, எண்ணெய் போகத் துடைத்து, ஒட்டி இரவெல்லாம் விட்டால் உங்கள் நேரம் ஐந்து நிமிடம்தான். கடைந்து முடித்ததும் சூடுகாட்டினால் கழன்றுவிடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் முன்பு இதே வேலைக்கு அரக்கைப் பயன்படுத்தினார்கள். நம் ஆசாரிகள் நகையை அரக்கில் பதித்து வேலை செய்வதும் இதே தத்துவம்தான். ஒரே அளவில் ஐம்பது நூறு என்று செய்யும் பட்டறையானால் இது எதுவும் வேண்டாம். சக்கில் மாட்டும் சாஃப்ட் ஜாவில் (நாமே கடைந்துகொள்ளக்கூடிய மென்மையான தாடை) 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி கடைந்து வைத்தால், சில்லை அந்த 3 மி.மீட்டரிலேயே பிடிக்கலாம். 15-இல் 12 மிச்சம், ஒட்டலும் இல்லை சூடும் இல்லை.

உருக்குவது

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பித்தளையை வீட்டில் உருக்காதீர்கள். பித்தளை உருகுவது ஏறக்குறைய 900 டிகிரி. அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு மாலையில் குளிர்காய்ச்சல் வரும். லேத்துக்கென்று வருகிற ராடுகளில் ஈயமும் கலந்திருக்கும். ஊரில் கன்மெட்டல், பித்தளை வார்ப்படம் செய்யும் சிறு பவுண்டரி இருந்தால் உங்கள் உலோகத்தையே உருக்கித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரக் கடையில் பழைய குடத்தைப் போட்டுப் புதுக் குடம் எடுக்கிற வழக்கம் நமக்குப் பழகியதுதான்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகுவதால் கரியடுப்பும் ஊதுகாற்றும் போதும், ஆசையும் அதிகம் வரும். கெட்டியான துண்டுகள், பழைய பிஸ்டன்கள் ஓரளவு நன்றாக உருகும். பிஸ்டனில் சிலிக்கன் இருப்பதால் அச்சில் நன்றாகப் பாயும். துருவல் அப்படியல்ல. ஒவ்வொரு சுருளின் மேலும் ஆக்சைடு தோல் இருக்கிறது, அது இந்தச் சூட்டுக்கெல்லாம் உருகாது. கொட்டியதில் கணிசமான பகுதி மேலே கசடாகத் திரளும். ஈரமான துண்டு ஒன்று உருகிய அலுமினியத்துக்குள் போனால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே வீசும். தரை சிமெண்ட்டாக இருந்தால் சிந்திய துளியே அதைப் பெயர்க்கும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன கலவை என்று யாருக்கும் தெரியாத, உள்ளே காற்றுக் குமிழ் உள்ள ஒரு கட்டி. கற்றுக்கொள்வதற்காகச் செய்தால் செய்யுங்கள், மிச்சம் பிடிப்பதற்காக வேண்டாம்.

இவ்வளவு பேசிய பிறகும், துண்டே விழாமல் செய்வதன் பக்கத்தில் இந்த நான்கு வழிகளும் நிற்க முடியாது. 3 மீட்டர் ராடில் 22 மி.மீ. நீளமுள்ள ஸ்பேசர்களை வெட்டுவதாக வையுங்கள். பார்ட்டிங் டூல் 3 மி.மீ. அகலம் என்றால், கடைசியில் பிடிமானத்துக்கு 15 மி.மீ. விட்டு, 119 கிடைக்கும். 2 மி.மீ. டூலுக்கு மாறினால் 124. ஒரு ராடுக்கு ஐந்து உருப்படி கூடுதல். சேர்த்தால் 110 மி.மீ. உலோகம். நாம் இவ்வளவு நேரம் எப்படிக் காப்பாற்றலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட கடைசித் துண்டு 15 மி.மீ.தான். மெல்லிய டூல் ஆடாமல் ஓட ஸ்லைடில் தளர்வு இருக்கக் கூடாது, கூலண்ட் சரியாக விழ வேண்டும். அந்தச் செலவைச் செய்யலாம்.

கஞ்சத்தனத்தின் எல்லைக்கே போக வேண்டிய பொருள் ஒன்று உண்டு, டூலின் நுனியில் மாட்டி வெட்டும் சிறு வில்லையான கார்பைடு இன்சர்ட். தேய்ந்த இன்சர்ட் ஒன்று சுமார் 10 கிராம்தான். ஆனால் டங்ஸ்டனுக்காக அதை வாங்குகிறவர்கள் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் தருகிறார்கள். இரும்புத் துருவலோடு பெருக்கித் தள்ளினால் ஒன்றுமே கிடைக்காது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் மூடியுள்ள ஒரு டப்பா வையுங்கள், அதில் போடுவதற்கு முன் இன்சர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். சாய்சதுரமான சிஎன்எம்ஜி வகையில் 80 டிகிரி மூலைகள் நான்கும் தேய்ந்தாலும், 100 டிகிரி மூலைகள் நான்கு கை படாமல் இருக்கும். அதற்கேற்ற ஹோல்டர் ஒன்று வாங்கிவிட்டால் முகம் கடையவும் முரட்டு வெட்டுக்கும் அவற்றைப் பயன்படுத்தி முடித்து, பிறகு டப்பாவில் போடலாம்.